மயில்துத்தம் போட்டும் பாசி மூன்று வாரத்தில் திரும்ப வருவது ஏன்?

கேள்வியைச் சுருக்கமாக மறுபடி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். ஓமலூர் பக்கம் 20 சென்ட் பண்ணைக்குட்டை. சராசரி ஆழம் 4 அடி, போர் தண்ணீர், கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறீர்கள். பச்சைப் பாசி மெத்தை மாதிரி மூடியதும் 1 கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட் என்ற நீல உப்பு) போட்டீர்கள். மஞ்சளாகி அடங்கியது, மூன்று வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. மறுபடி அதே 1 கிலோ போட்டபோது பாசி அசையவே இல்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டு ஏற்காட்டில் உங்கள் மச்சான் தன் 5 சென்ட், 3 அடிக் குட்டையில் அதே 1 கிலோ போட்டார்; மறுநாள் மீன்கள் செத்து மிதந்தன. "பாசி மருந்துக்குப் பழகிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொன்று இருக்கிறது: ஒரே உப்பு, ஒரே எடை, கீழே பாசியைக்கூடக் கொல்லவில்லை, மேலே மீனையே கொன்றது எப்படி? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு சென்ட் பரப்பில் ஒரு அடி தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 12,300 லிட்டர். உங்கள் குட்டை 20 சென்ட், 4 அடி என்றால் 9.8 லட்சம் லிட்டர் சொச்சம். ஆயிரம் லிட்டருக்கு 1 கிராம் என்பது 1 பிபிஎம். ஆக நீங்கள் போட்ட 1 கிலோ, கிட்டத்தட்ட 1 பிபிஎம். மச்சான் குட்டையில் இருப்பது 1.85 லட்சம் லிட்டர்தான். அதே 1 கிலோ அங்கே 5.4 பிபிஎம். எடை ஒன்றுதான், மருந்தின் அடர்த்தி ஐந்து மடங்குக்கு மேல். பாசி மருந்தை ஏக்கர் கணக்கிலோ கிலோ கணக்கிலோ யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தண்ணீரின் கன அளவு தெரியாமல் சொல்லும் எந்த அளவும் அளவே இல்லை.

ஆனால் அடர்த்தி மட்டும் காரணம் என்று விட்டுவிட்டால் பெரிய விஷயம் தவறிப்போகும். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் போர்டோ கலவை தெரியும். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். ஒரு சதக் கலவை. அதில் சுண்ணாம்பு எதற்கு? வெறும் துத்தக் கரைசலை அடித்தால் இலை கருகும். சுண்ணாம்பு செம்பைப் பிடித்து, கரையாத நீல வண்டலாக்கி, அதன் சூட்டை அடக்குகிறது. உங்கள் குட்டையில் நடப்பதும் இதுதான். வித்தியாசம் என்னவென்றால், சுண்ணாம்பை நீங்கள் சேர்க்கவில்லை, தண்ணீரே கொண்டுவந்துவிட்டது. சேலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே வெள்ளைக்கல் வெட்டுகிற பூமி, அதாவது மேக்னசைட். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பல போர்களின் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவைத் தருகிற பைகார்பனேட்டும் கார்பனேட்டும்தான் துத்தத்தில் உள்ள செம்பை மடக்குகின்றன. பாசியைக் கொல்வது தண்ணீரில் தனியாகத் திரிகிற செம்பு அயனி. கார்பனேட்டோடு சேர்ந்து அடியில் படிந்த செம்பால் பாசிக்கு ஒன்றும் ஆகாது.

மலை மேல் நிலைமை தலைகீழ். சேர்வராயன் மலையில் மழைநீரும் ஓடைநீரும் தேங்கும் குட்டைகளில் இந்தக் கார்பனேட் சரக்கு பொதுவாகக் குறைவு. போட்ட செம்பில் பெரும்பங்கு விடுதலையாகவே நிற்கும். பாசி சாகிற அளவும் மீனின் செவுள் வெந்துபோகிற அளவும் அங்கே மிக நெருக்கம். 5.4 பிபிஎம் என்பது அந்த மாதிரித் தண்ணீரில் மீனுக்கு நஞ்சு. மறுநாளே செத்தன என்பதால் செம்பின் மேல்தான் என் சந்தேகம் அதிகம். ஆனாலும் உறுதி சொல்ல அன்றைக்குச் செவுளைப் பார்த்திருக்க வேண்டும். செம்பால் செத்திருந்தால் சிறிசு பெரிசு பார்க்காமல் சாகும், செவுளில் கொழகொழவென்று சளி மூடியிருக்கும், கரையோர நத்தைகளும் கூடச் செத்துக் கிடக்கும். மூச்சு முட்டிச் செத்திருந்தால் விடியற்காலையில் நடக்கும், பெரிய மீன் முதலில் போகும், அதற்கு முன் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கும்.

நான் சொல்லும் இந்தச் சரக்குக்குப் பெயர் காரத்தன்மை. இதையும் பி.எச் எண்ணையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பி.எச் என்பது இந்த நிமிடம் தண்ணீர் புளிப்பு, காரம் இரண்டில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது; காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டும். காரத்தன்மை என்பது இருப்பில் உள்ள பைகார்பனேட், கார்பனேட் சேமிப்பு. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். மீன்வளர்ப்பில் வெகுகாலமாகப் புழங்கும் விதி எளிமையானது: மொத்தக் காரத்தன்மையை 100ஆல் வகுத்தால் வருகிற எண்தான் போட வேண்டிய மயில்துத்தம், பிபிஎம்மில். காரத்தன்மை 200 என்றால் 2 பிபிஎம், உங்கள் குட்டைக்கு 2 கிலோ. 50க்குக் கீழே என்றால் மீன் இருக்கும் குட்டையில் துத்தம் போடவே கூடாது. 250க்கு மேல் என்றால் போட்டது சீக்கிரமே வண்டலாகிவிடும், அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. உங்கள் போர் தண்ணீர் 200, 250 என்று இருந்தால், நீங்கள் போட்ட 1 பிபிஎம் தேவையில் பாதிதான், அல்லது அதற்கும் குறைவு. சொட்டு விட்டுப் பார்க்கும் காரத்தன்மைப் பெட்டி மீன்பண்ணைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், பத்து நிமிட வேலை. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் தண்ணீர்ப் பரிசோதனை பற்றி விசாரித்துப் பாருங்கள்.

இனி பாசியின் பக்கம். செம்பு அயனி உள்ளே நுழைந்ததும் பச்சைப்பாசிக்கு என்ன ஆகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஒளிச்சேர்க்கையில் தண்ணீரைப் பிளந்து எலக்ட்ரானைக் கடத்துகிற இரண்டாம் ஒளி அமைப்பில் தடை விழுகிறது. பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் மக்னீசியத்தைச் செம்பு வெளியே தள்ளுகிறது. கந்தகம் உள்ள நொதிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. வெளிச்சம் விழ விழ, கடத்த வழியில்லாத ஆற்றல் ஆக்சிஜனின் வீரிய வடிவங்களாக மாறி செல்லின் சவ்வையே அரிக்கிறது. பள்ளிக்கூட நுண்ணோக்கி இருந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்பைரோகைரா இழையை எடுத்தால் ஒவ்வொரு அறைக்குள்ளும் பச்சை நாடா ஸ்பிரிங் மாதிரிச் சுற்றியிருக்கும். மருந்து பட்ட இழையில் அந்த நாடா ஓரம் மங்கி, துண்டு துண்டாகி, நடுவில் சுருண்டு ஒரு பழுப்பு உருண்டையாகிவிடும். சவ்வு சுவரைவிட்டு விலகி நிற்கும். நாடா முழுசாக இருந்தால், மெத்தை மேலே எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் அந்த இழை சாகவில்லை.

பாசியும் சும்மா இருப்பதில்லை. செம்பு அதற்கு நஞ்சு மட்டும் இல்லை, கொஞ்சம் வேண்டிய பொருளும்கூட. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானைத் தூக்கிச் செல்லும் பிளாஸ்டோசயனின் என்ற புரதத்தில் செம்புதான் இருக்கிறது. செம்பு கிடைக்காதபோது கிளமிடோமோனாஸ் போன்ற பச்சைப்பாசிகள் அதற்குப் பதிலாக இரும்பு உள்ள சைட்டோகுரோம் சி6 என்ற புரதத்தைச் செய்துகொள்கின்றன. இவ்வளவு நுட்பமாகச் செம்பைக் கணக்குப் பார்க்கிற உயிர், கூடுதலாக வரும்போதும் வழி வைத்திருக்கிறது. செல்சுவரும் வெளி வழவழப்பும் ஒரு பங்கைப் பிடித்து நிறுத்தும். உள்ளே வந்ததைப் பைட்டோகெலேட்டின் என்ற சிறு புரதச் சங்கிலிகள் கட்டிப்போடும். பாஸ்பேட் உருண்டைகளிலும் ஒரு பங்கு பூட்டிவைக்கப்படும். இதனால்தான் அரைகுறை அளவு ஆபத்து: இந்தக் காவல்களைத் தாண்டாத அளவு செம்பு, பாசியைக் கொல்லாமல் உசுப்பி மட்டும் விடுகிறது.

அப்படியானால் பழகிவிட்டதா? செம்புக் கழிவு விழும் ஏரிகளிலிருந்து எடுத்த குளோரெல்லா, செனடெஸ்மஸ் வகைகள் மற்றவற்றைவிட அதிகச் செம்பைத் தாங்குவது ஆய்வகங்களில் பார்க்கப்பட்டதுதான். தாங்கும் வகை தேர்ந்து நிற்கும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே ஒரு தடவை, அதுவும் குறைந்த அளவு மருந்து பட்ட ஒரு குட்டையில், மூன்று வாரத்தில் அதே பாசி எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது என்பதைவிட மூன்று காரணங்கள் எனக்கு நம்பத் தகுந்தவையாகப் படுகின்றன. முதல் தடவை மேல் அடுக்கு மட்டும் செத்தது. அடியில் இருந்ததும், கரையோரச் சேற்றில் உறங்கும் செல்களும் தப்பின. செத்த பாசியிலிருந்து வெளிவந்த பாஸ்பரஸையே உரமாகத் தின்று திரும்ப எழுந்தன. இரண்டாவது, எளிதில் சாகும் வகை போய்க் கடினமான வகை இடத்தைப் பிடித்திருக்கலாம். மூன்றாவது, இரண்டாம் தடவை நீங்கள் எந்த நேரத்தில் போட்டீர்கள் என்பது. பாசி மண்டிய குட்டையில் பிற்பகலில் கரியமில வாயு தீர்ந்து பி.எச் 9ஐத் தாண்டி 10 வரைக்கும் ஏறும். அந்த நேரத்தில் விழும் செம்பு நிமிடக் கணக்கில் வண்டலாக இறங்கத் தொடங்கிவிடும்.

வகையைக் கண்டுபிடிப்பது நீங்கள் நினைப்பதைவிட எளிது, கை ஒன்று போதும். ஒரு பிடி பாசியை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். சோப்புப் போட்ட முடி மாதிரி வழுக்கினால் ஸ்பைரோகைரா அல்லது அதன் உறவு. துத்தத்துக்குச் சீக்கிரம் அடங்கும். பஞ்சு மாதிரிச் சொரசொரப்பாக, கிளைத்து இருந்தால் கிளாடோஃபோரா. நனைந்த கம்பளி மாதிரி, பிழிந்தாலும் முரட்டுத்தனமாக நின்றால் பித்தோஃபோரா. அதன் இழையில் அங்கங்கே பீப்பாய் வடிவில் கரும்பச்சைத் தடிப்புச் செல்கள் இருக்கும். அவைதான் உறங்கு செல்கள். தடித்த சுவரும் இந்த உறங்கு செல்லும் சேர்ந்து பித்தோஃபோராவைத் துத்தத்துக்கு மிகவும் அடங்காத பச்சைப்பாசியாக்குகின்றன. சல்லடை வலை மாதிரி அறுகோணக் கண்கள் தெரிந்தால் ஹைட்ரோடிக்டியான். அடியில் செடி போல நின்று, தொட்டால் மணல் பூசியது மாதிரி நெறநெறவென்று இருந்து, பூண்டு வாடை அடித்தால் கேரா. அதன் மேல் பூசியிருப்பதே சுண்ணாம்புதான். இன்னொரு சோதனை: தண்ணீரில் குச்சியை விட்டுத் தூக்குங்கள். முடி மாதிரித் தொங்கினால் பச்சைப்பாசி. பச்சை பெயின்ட் மாதிரி வழிந்தால் அது பச்சைப்பாசியே இல்லை, நீலப்பச்சைப் பாசி, பாக்டீரியா இனம். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை எல்லாம் மேலே வந்து படலமாக நின்றால் நீலப்பச்சை. கீழே இறங்கியிருந்தாலோ தண்ணீர் முழுக்கப் பரவியிருந்தாலோ பெரும்பாலும் பச்சைப்பாசி.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், நீலப்பச்சை இனங்கள் பலவும் செம்புக்கும் பெராக்சைடுக்கும் பச்சைப்பாசியைவிடச் சீக்கிரம் விழும். விழும்போது, நச்சு செய்யும் இனமாக இருந்தால், உள்ளே இருக்கும் நச்சை ஒரேயடியாகத் தண்ணீரில் கொட்டும். ஆடு மாடு குடிக்கும் தண்ணீரென்றால் அது பெரிய கேடு. பெயின்ட் மாதிரிப் படலம் இருக்கும் தண்ணீரில் தயவுசெய்து நீங்களாக எந்த மருந்தும் போடாதீர்கள்.

உங்கள் குட்டைக்கு வருகிறேன். காரத்தன்மை 100க்கும் 250க்கும் நடுவில் இருக்கிறது, பாசி வழவழப்பு வகை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மருந்துக்கு முன்பே பாதிப் பாசியை வெளியே எடுங்கள். இரண்டு பேர் பழைய வலையைக் குறுக்கே பிடித்து இழுத்தாலோ மூங்கில் வாரியில் சுருட்டினாலோ மெத்தை கரைக்கு வந்துவிடும். வெளியே எடுத்த ஒவ்வொரு கூடையும், குட்டைக்குள் அழுகி ஆக்சிஜனைத் தின்னாத கூடை. அதைக் கரையிலேயே குவிக்காதீர்கள், மழையில் சாறு திரும்பக் குட்டைக்குள் வரும், எருக்குழிக்குப் போகட்டும். மீதியை ஒரே நாளில் கொல்லாமல் குட்டையை மூன்று பங்காகப் பிரியுங்கள். முதல் நாள் ஒரு பங்குக்கு மட்டும், அந்தப் பங்கின் தண்ணீருக்கு உரிய அளவு மட்டும். காரத்தன்மை 200 என்றால் ஒரு பங்குக்கு சுமார் 650 கிராம். அடுத்த பங்கு 10 முதல் 14 நாள் கழித்து.

கரைக்கிற விதத்திலும் பலர் தவறுகிறார்கள். படிகத்தை அப்படியே தூவினால் அது நேராகச் சேற்றில் இறங்கிவிடும், பாசிக்குப் போகாது. பிளாஸ்டிக் டிரம்மில் 20 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரையுங்கள். இரும்பு, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), அலுமினியப் பாத்திரம் கூடாது. செம்பு அந்த உலோகத்தின் மேலேயே செந்நிறமாகப் படிந்துவிடும், பாத்திரமும் ஓட்டையாகும், கரைசலும் வீரியம் இழக்கும். கரைக்கும் தண்ணீர் மழைநீராக இருந்தால் நல்லது. போர் தண்ணீர் என்றால் டிரம்மிலேயே வெளிர்நீலக் கலங்கல் கட்டுவதைப் பார்க்கலாம்; அந்தக் கலங்கல் வீணான செம்பு. காரத்தன்மை 250ஐ ஒட்டியோ மேலாகவோ இருந்தால், துத்தத்தின் எடையைப் போல இரு மடங்கு சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்துக் கரைப்பது வழக்கம். அது செம்பைப் பிடித்துவைத்து மெதுவாக விடுவதால் வண்டலாவது தள்ளிப்போகும். பிளாஸ்டிக் தெளிப்பானில் ஊற்றி நேராக மெத்தையின் மேலேயே அடியுங்கள். வெயில் உள்ள நாளில் காலை 9 மணிக்கு மேல், 11 மணிக்குள். அப்போது இரவு குறைந்த ஆக்சிஜன் ஏறத் தொடங்கியிருக்கும், பி.எச் இன்னும் உச்சிக்குப் போயிருக்காது, பாசியும் முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கும். மேகமூட்டமான நாளில், அடைமழை வாரத்தில் வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை கட்டாயம்.

இரண்டு மூன்று நாளில் கரும்பச்சை மங்கி, வைக்கோல் நிறமாகி, பிறகு வெளுக்கும். அப்போது மெத்தையைத் தூக்கி நடுவில் பிரித்துப் பாருங்கள். மேலே மஞ்சள், உள்ளே பச்சை என்றால் மருந்து ஊடுருவவில்லை; உங்கள் முதல் தடவையில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். மெத்தை மேலே மிதக்கிறதா, அடங்கிவிட்டதா என்பதும் ஒரு அறிகுறி. உயிருள்ள மெத்தைக்குள் ஆக்சிஜன் குமிழ்கள் சிக்கி அதைப் பிற்பகலில் தூக்கி நிறுத்தும். வெயில் காய்ந்தும் மெத்தை எழும்பவில்லை என்றால் ஒளிச்சேர்க்கை நின்றுவிட்டது.

மருந்து போட்ட அன்றிலிருந்து ஒரு வாரம் உண்மையான ஆபத்து செம்பிலிருந்து இல்லை, அழுகலிலிருந்து. செத்த பாசியை பாக்டீரியா தின்னத் தின்ன ஆக்சிஜன் குறையும். அதே நேரம் ஆக்சிஜன் தந்துகொண்டிருந்த பாசியும் இல்லை. அதிகாலை 3 மணியிலிருந்து 6 மணி வரை குட்டைக்கரையில் ஒரு ஆள் இருக்கட்டும். கட்லா மேல்மட்டத்து மீன், அது வாயைத் திறந்து வந்தால் மோட்டாரை ஓட்டுங்கள். ஆனால் போர் தண்ணீரை அப்படியே குழாயோடு உள்ளே விடாதீர்கள். நிலத்தடி நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஒரு ஆள் உயரத்திலிருந்து ஓட்டை போட்ட தகரத்தின் மேல் விழுந்து சிதறி இறங்க வேண்டும். மருந்துக்கு ஒரு நாள் முன்பிருந்து நான்கு நாள் தீவனம் நிறுத்துங்கள்.

குட்டைத் தண்ணீரைக் குடிக்கும் கால்நடையையும் மறக்காதீர்கள். செம்மறி மற்ற கால்நடைகளைவிடச் செம்புக்கு மிகவும் மென்மையானது, அதன் ஈரலில் செம்பு சேர்ந்துகொண்டே போகும். மேச்சேரி ஆடு வைத்திருப்பவர்கள் மருந்து போட்ட குட்டைக்கு ஆட்டை ஓட்டக் கூடாது, வேறு தண்ணீர் காட்டுங்கள். வீட்டுக் குடிநீர்த் தொட்டிக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. குடிநீரில் செம்புக்கு இந்தியத் தரம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். தொட்டிக்கு மூடி போட்டு வெளிச்சத்தை அடைப்பதே அங்கே மருந்து.

மற்ற மருந்துகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு சாயப்பட்டறைக்காரர்களுக்குப் பழக்கமான சரக்கு. அது ஓரிரு நாளில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், மண்ணில் எதையும் விட்டுவைக்காது. 2009இல் நெதர்லாந்தில் கூட்சைஸ் என்ற ஏரி முழுவதையும் லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் பெராக்சைடில் நடத்தி நீலப்பச்சைப் பாசியை அடக்கினார்கள். பச்சைப்பாசி அந்த அளவுக்குப் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. உங்களுக்கு வேண்டிய பாடமும் அதுவே: பச்சைப்பாசியிடம் பெராக்சைடைச் சிதைக்கும் நொதிகள் வலுவாக இருக்கின்றன, இழைப் பாசி மெத்தையைக் கொல்ல அந்த அளவு போதாது. கூட்டிக்கொண்டு போனால் பாசியைத் தின்னும் தண்ணீர்ப் பூச்சிகள் முதலில் சாகும். 50 சதவீதச் சரக்கு தோலில் பட்டால் வெள்ளையாக வெந்துவிடும், அதையும் நினைவில் வையுங்கள். படிகாரம் பாசியைக் கொல்வதில்லை, பாஸ்பரஸையும் மிதக்கும் நுண்பாசியையும் கட்டி அடியில் இறக்கும். 1 பிபிஎம் படிகாரம் சுமார் அரை பிபிஎம் காரத்தன்மையைத் தின்னும். உங்கள் தண்ணீர் தாங்கும், ஏற்காட்டுத் தண்ணீர் தாங்காமல் புளித்துப்போகும்.

களைக்கொல்லி விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். மக்காச்சோளத்துக்கு வாங்கிய அட்ரசினில் மிச்சம் இருக்கிறது, ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். அட்ரசினும் டையூரானும் பாசியைக் கொல்லும் என்பது உண்மை. இரண்டாம் ஒளி அமைப்பில் எலக்ட்ரான் உட்காரும் இடத்தில் இவை போய் அமர்ந்துகொள்கின்றன. அதே இடம் உங்கள் தக்காளியிலும் கத்தரியிலும் இருக்கிறது. அந்தக் குட்டைத் தண்ணீரைப் பாய்ச்சிய வயல் கருகும், குட்டையில் நிற்கும் வாரங்களுக்கும் கணக்கில்லை. 2,4-டி இழைப் பாசிக்கு வேலையே செய்யாது. இவை எதையும் மீன் குட்டையில் ஊற்றாதீர்கள்.

துத்தத்துக்கும் ஒரு எல்லை உண்டு. 1904இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த மூரும் கெல்லர்மனும் நீர்த்தேக்கப் பாசிக்குத் துத்தம் போடும் முறையை வெளியிட்டதிலிருந்து உலகம் முழுக்க இது புழக்கத்தில் இருக்கிறது. மின்னசோட்டாவின் ஃபேர்மாண்ட் ஏரிகளில் 58 ஆண்டுகள் தொடர்ந்து போட்டதன் விளைவை 1984இல் ஒரு ஆய்வு தொகுத்தது. ஒவ்வொரு தடவையும் பாசி 7 முதல் 21 நாளில் திரும்ப வந்தது. உங்கள் மூன்று வாரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாளடைவில் செம்பு சேற்றில் சேர்ந்தது, அடிமட்டத்துப் பூச்சி புழுக்கள் குறைந்தன, பச்சைப்பாசி இருந்த இடத்தில் நீலப்பச்சைப் பாசி ஏறியது. செம்பு ஒரு தனிமம், அழுகிப் போகாது. வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் கோளாறு மருந்தில் இல்லை, குட்டைக்குள் வரும் சத்தில்.

அந்தச் சத்து எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். தொழுவத்து வடிகால், மேட்டு வயலிலிருந்து டி.ஏ.பி. உரம் கரைந்து வரும் மழைத் தண்ணீர், தின்னாமல் மிஞ்சும் தவிடும் புண்ணாக்கும், அக்கம்பக்கத்தில் சேகோ ஆலை இருந்தால் மரவள்ளி மாவு கலந்த கழிவு. மேட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன வரப்பு போட்டுத் தண்ணீரைத் திருப்பிவிட்டாலே பெரிய மாற்றம் தெரியும். கரையோரம் 2 அடிக்குக் குறைவான ஆழம் இருந்தால் வெயில் அடிவரை போகும், இழைப் பாசி அங்கேதான் பிறக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றும்போது ஓரத்தை வெட்டி 3 அடியாக்குங்கள். புல் கெண்டை இழைப் பாசியைத் தின்னும், அடுத்த இருப்பில் கொஞ்சம் சேர்க்கலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மெத்தை போன பிறகு தண்ணீர் இளம்பச்சையாக மாறினால் பயந்து மறுபடி துத்தம் எடுக்காதீர்கள். அது குளோரெல்லா, செனடெஸ்மஸ் போன்ற மிதக்கும் நுண்பாசி; மீனுக்குத் தீனியும் மூச்சும் அதுதான், அதன் நிழலில் இழைப் பாசியும் தலைதூக்காது. முழங்கை மூழ்கக் கையை விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும். அதற்கும் முன்பே மறைந்துபோனால்தான் பசுமை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

மச்சானிடம் சொல்லுங்கள்: குட்டையின் தண்ணீரில் பாதியை மாற்றி, நத்தையும் தவளைக்குஞ்சும் திரும்பத் தென்படும்வரை புது மீன் விட வேண்டாம். விவசாயச் சுண்ணாம்புத் தூளைப் போட்டு இரண்டு மூன்று வாரம் விட்டால் காரத்தன்மை ஏறும், மீனுக்கும் அது நல்லது. சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், பி.எச் ஒரேயடியாகத் தூக்கிவிடும். அங்கே பாசிக்கு வலையும் வாரியும்தான், துத்தம் வேண்டாம். நீங்கள் காரத்தன்மை எண்ணையும், பாசியைத் தேய்த்தபோது வழுக்கியதா சொரசொரத்ததா என்பதையும், இரண்டாம் தடவை மருந்து போட்ட நேரத்தையும் எழுதுங்கள். ஒரு பங்குக்கு எத்தனை கிராம் என்று உங்கள் தண்ணீருக்கே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.